மீன் தொட்டியில் உப்பு

கப்பன் பூங்காவில் 1983-இல் திறக்கப்பெற்ற அரசு மீன் காட்சிசாலையைக் கண்டு திரும்பிய என் மகன், வீட்டிலும் ஒரு தொட்டி வேண்டுமென்றான். வாங்கினோம். வாரந்தோறும் ஒரு பிடி உப்பு இடுமாறு விற்றவர் கூறினார். இரு திங்களில் செடிகள் அழுகின. கெளுத்திக் குஞ்சும் மாண்டது.

உப்பு மருந்தேயன்றி உணவன்று என்பது என் துணிபு. நன்னீர் மீனின் குருதி, சூழ்ந்துள்ள நீரினும் உப்பு மிக்கது. ஆதலின் செவுள் வழியே நீர் ஓயாது உட்புகுகிறது; மீன் அதனைச் சிறுநீராய் வெளியேற்றிக்கொண்டே இருக்கிறது. நோயுற்ற காலத்தில் லிட்டருக்கு 1 முதல் 3 கிராம் உப்பு அவ்வுழைப்பைக் குறைக்கும்; வெண்புள்ளி நோயையும் ஒடுக்க உதவும். ஆனால் நீர் ஆவியாகும்; உப்பு ஆவதில்லை. குறைந்த நீரை மட்டும் நிரப்பி மீண்டும் உப்பிடின் செறிவு ஏறிக்கொண்டே போகும். (கிணற்றுக் கடின நீரை நாம் ‘உப்புத் தண்ணீர்’ என்பது வேறு.) நலமுள்ள மீனுக்கு வேண்டுவது, வாரம் ஒருமுறை நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுவதே, குழாய் நீராயின் குளோரினை நீக்கிய பின்.