கேட்டால் மட்டும் போதாது, கேள்வியும் கேட்க வேண்டும்

தென்னை ஓலையின் அடியில் வெள்ளை ஈ தெரிந்தால், முன்பெல்லாம் பக்கத்துத் தோப்புக்காரரையோ உதவி வேளாண்மை அலுவலரையோ தேடிப் போவோம். இப்போது கை முதலில் செல்போனுக்குத்தான் போகிறது. தேடினால் பத்து வீடியோ வருகிறது. ஒருவர் மருந்தை வேரில் கட்டச் சொல்கிறார்; இன்னொருவர் விசைத்தெளிப்பானில் அடிக்கச் சொல்கிறார்; மூன்றாமவர் தன்னிடம் உள்ள பாட்டிலை வாங்கச் சொல்கிறார். வத்திராயிருப்புத் தோப்புக்கு இதில் எது பொருந்தும் என்று சொல்ல அங்கே ஆள் இல்லை.

விவசாயி ஊடகத்தை நம்புவது புதிதல்ல, தவறும் அல்ல. 1960-களின் பிற்பகுதியில் தஞ்சை மாவட்டத்தில் ஆடுதுறை 27 என்ற நெல் ரகம் வேகமாகப் பரவியது. சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை ரகம் அது. திருச்சி வானொலியின் பண்ணை ஒலிபரப்பு இதைப் பற்றித் தொடர்ந்து பேசியது. அதனால் மக்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

ஆனால் ரேடியோ மட்டும் தனியாக இதைச் சாதிக்கவில்லை. தஞ்சை அப்போது தீவிர வேளாண்மைத் திட்டத்தின் கீழ் இருந்த மாவட்டம். இரவில் ரேடியோவில் கேட்டதை மறுநாள் கிராம சேவகரிடம் கேட்டுச் சரிபார்க்க முடிந்தது. விதை, உரம், கடன் ஆகியவற்றுக்கு ஏற்பாடு இருந்தது. பக்கத்து வயலில் பயிரைக் கண்ணால் பார்க்கவும் முடிந்தது. ரேடியோ சேதி சொன்னது. நம்பிக்கையை உறுதி செய்தது ஊர்தான்.

1956-ல் புணே வானொலி நடத்திய சோதனையும் இதையே காட்டியது. மகாராஷ்டிராவில் ஐந்து மாவட்டங்களில் சுமார் 150 கிராமங்களில் விவசாயிகள் குழுவாக உட்கார்ந்து பண்ணை நிகழ்ச்சியைக் கேட்டார்கள், முடிந்ததும் விவாதித்தார்கள், சந்தேகங்களை நிலையத்துக்கு அனுப்பினார்கள். ரேடியோ மட்டும் இருந்து குழு இல்லாத கிராமங்களைவிட இந்தக் கிராமங்களில் மக்கள் அதிகம் கற்றுக்கொண்டார்கள் என்பதே ஆய்வின் முடிவு.

இன்றைய செல்போனில் வேகம் இருக்கிறது. இந்த விவாதம் இல்லை. தனியாகப் பார்க்கிறோம், தனியாக முடிவெடுக்கிறோம், அடுத்த நிமிடமே பத்துப் பேருக்கு அனுப்பியும் விடுகிறோம். வீடியோ போட்டவருக்குப் பார்வைகள் ஏறினால் வருமானம். சொன்னது பலிக்காவிட்டால் நஷ்டம் நமக்கு மட்டுமே.

சுருள் வெள்ளை ஈயையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் முதலில் கண்டறியப்பட்ட பூச்சி இது. இதற்குக் கண்மூடித்தனமாகப் பூச்சிக்கொல்லி அடித்தால், இதைக் கட்டுப்படுத்தும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியும் சேர்ந்து செத்துவிடும். பிறகு ஈ முன்னைவிட அதிகமாகத் திரும்பும். மஞ்சள் ஒட்டும் பொறி வைப்பது, ஓலையின் அடிப்பாகத்தில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, ஒட்டுண்ணியைக் காப்பது, கரும்பூசணம் படிந்த ஓலைக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் வீதம் மைதா மாவுப் பசை தெளிப்பது ஆகியவைதான் பரிந்துரை. இதில் விற்பதற்கு அதிகம் இல்லை. அதனால் விளம்பரமும் குறைவு. மருந்து அடிக்கும் முன் ஓலையைத் திருப்பி, ஈயின் கூட்டுப்புழுக்களில் வட்டமான சிறு துளை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இருந்தால் ஒட்டுண்ணி வேலையைத் தொடங்கிவிட்டது என்று பொருள். அந்தத் துளை எந்த வீடியோவிலும் தெரியாது. உங்கள் ஓலையில்தான் தெரியும்.

ஊடகத்தின் பிடி வயலோடு நிற்பதும் இல்லை. 2020 பிப்ரவரி, மார்ச்சில் கோழிக்கறி சாப்பிட்டால் கொரோனா வரும் என்ற வதந்தி வாட்ஸ்ஆப்பில் பரவியது. ஆதாரம் இல்லை என்று அரசு விளக்கம் கொடுத்தும், கறிக்கோழி விலையும் நாமக்கல் முட்டை விலையும் சரிந்தன. கோழித்தீவனத்தை நம்பியிருக்கும் மக்காச்சோளத்தின் விலையும் சேர்ந்து விழுந்தது. நகரத்தில் யாரோ அனுப்பிய ஒரு சேதிக்கு மானாவாரிக் காட்டுக்காரர் விலை கொடுத்தார். அடுத்தவர் பொருளைப் பற்றிய சேதியை நாம் அனுப்பும்போதும் இதை நினைக்க வேண்டும்.

செல்போனைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. வானிலை, சந்தை விலை, மானியம் ஆகியவற்றுக்கு உழவன் செயலி பயன்படுகிறது. வீடியோவும் பாருங்கள். ஆனால் நான்கு கேள்வி கேட்டுவிட்டுச் செயலில் இறங்குங்கள். பேசுபவர் யார், பொருள் விற்பவரா? அவர் சொல்வது எந்த ஊர், எந்த மண், எந்தப் பருவம்? பிளவக்கல் அணைத் தண்ணீரும் கண்மாயும் பெருகும் நேரத்தை நம்பிய நம் நெல்லுக்குக் காவிரிப் பாசனத்தின் நாள்கணக்கு பொருந்தாது. மருந்தின் அளவு டப்பாவின் லேபிளோடு ஒத்துப்போகிறதா? அந்தப் பயிருக்கு அது பரிந்துரைக்கப்பட்டிருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பதில் கிடைத்தாலும் முதலில் ஐந்து மரத்திலோ ஐந்து சென்ட்டிலோ மட்டும் செய்து பாருங்கள்.

சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலையம், அருப்புக்கோட்டை வேளாண் அறிவியல் நிலையம் ஆகியவை எட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. 1800-180-1551 என்ற கிசான் கால் சென்டருக்குக் கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒன்று. குழுவில் வரும் வீடியோவை அப்படியே அனுப்புவது விரிவாக்கம் ஆகாது. 'இது நம் வட்டாரத்துக்குப் பொருந்தும்' அல்லது 'பொருந்தாது, காரணம் இது' என்று இரண்டு வரி உங்கள் பெயரோடு எழுதுங்கள். மாதம் ஒரு நாள் ஏதாவது ஒரு தோப்பில் பத்துப் பேரைக் கூட்டி, அந்த மாதம் பரவிய வீடியோக்களில் இரண்டை எல்லோரும் சேர்ந்து பார்த்து அலசுங்கள். 1956-ல் ஒரு ரேடியோப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து செய்ய முடிந்ததை, ஆளுக்கொரு செல்போன் இருக்கும்போது செய்ய முடியாதா?