தவறிய நேரத்துக்கு யார் விலை கொடுப்பது?

மருத்துவரிடம் நேரம் பதிவு செய்துவிட்டு வராத நோயாளியிடம் அபராதம் பெறலாமா என்னும் கேள்வி, மேலை நாடுகளில் அவ்வப்போது தலைதூக்குகிறது. 2022இல் பிரிட்டனின் கன்சர்வேட்டிவ் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்ட ரிஷி சுனக், அவ்வாறு வரத் தவறுவோரிடம் 10 பவுண்டு பெறப்போவதாக அறிவித்தார். மருத்துவர் சங்கமே எதிர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் பிரதமரானவர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

பல் மருத்துவத்தில் இக்கேள்விக்கு இங்கிலாந்து முன்பே விடை கண்டிருந்தது. 2006 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, தேசிய சுகாதார சேவையின்கீழ் சிகிச்சை பெறுபவரிடம் தவறிய நேரத்துக்குக் கட்டணம் பெற முடியாது. தனியார் முறையில் சிகிச்சை பெறுவோருக்கு இப்பாதுகாப்பு கிடையாது. அமெரிக்காவில் ஏழைகளுக்கான மெடிகெய்டு திட்டத்திலும் இத்தகைய தடை உண்டு. நோயாளி வராமற்போவது மருத்துவர் தொழில் நடத்தும் செலவில் அடங்கும், அதை நோயாளியின் தலையில் கட்டக் கூடாது என்பது அந்நாட்டு ஒன்றிய அரசின் நிலைப்பாடு. நோயாளி மருத்துவரிடம் சென்று சேரப் போக்குவரத்துக்கு ஏற்பாடு செய்வதும் அத்திட்டத்தின் கடமை. ஏழை வராமற்போவதற்குப் பேருந்தும் ஒரு காரணம் என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் அது.

இந்தத் தடைகளை நாம் வரவேற்கிறோம். ஆனால் கட்டணம் தடுக்கப்பட்ட இடத்தில் தண்டனை வேறு உருவெடுத்ததையும் காண வேண்டியுள்ளது. இங்கிலாந்தில் நேரம் தவறியவரின் சிகிச்சையை மருத்துவர் பாதியில் முடித்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் மெடிகெய்டு நோயாளிகளைப் பல் மருத்துவர்கள் ஏன் ஏற்பதில்லை என்று நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2000இல் ஆராய்ந்தது. குறைந்த ஊதியம், அலுவலகச் சிக்கல் ஆகியவற்றுடன், நோயாளிகள் அடிக்கடி நேரம் தவறுகிறார்கள் என்பதையும் அவர்கள் காரணமாகக் கூறினர். தனியொருவர் மீது விதிக்க முடியாத அபராதம், ‘இவர்கள் இப்படித்தான்’ என்ற பெயரில் ஒரு கூட்டத்தின் மீதே விதிக்கப்பட்டது. இந்தப் பேச்சு நமக்குப் பழக்கமானதுதான்.

கதவு மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு மேரிலாந்தில் ஒரு சான்று உள்ளது. 2007 பிப்ரவரியில் டியாமோன்டே டிரைவர் என்னும் 12 வயதுக் கறுப்பினச் சிறுவன், பல்லில் உண்டான சீழ் மூளைக்குப் பரவி இறந்தான். அவன் தாய் அப்போது இளைய மகனின் சொத்தைப் பற்களுக்காக மெடிகெய்டை ஏற்கும் மருத்துவரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார். இடையில் குடும்பத்தின் மெடிகெய்டு காலாவதியாகியிருந்தது. புதுப்பிக்கும் படிவம், தாங்கள் விட்டு வந்த வீடற்றோர் விடுதிக்குப் போயிருக்கக்கூடும் என்று குடும்பத்தார் கருதினர். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது. மருத்துவமனைச் செலவோ ஏறத்தாழ இரண்டரை லட்சம் டாலர்.

மருத்துவரின் இழப்பை நாம் மறுக்கவில்லை. காலியாகக் கிடக்கும் நாற்காலிக்கும் வாடகை உண்டு, உதவியாளருக்குச் சம்பளம் உண்டு. நம் சமூகத்திலிருந்து முதல் தலைமுறையாகப் பல் மருத்துவம் படித்து, வங்கிக் கடனில் சிறுநகரத்தில் கிளினிக் நடத்துபவருக்கு ஒரு மாலை வீணாவது சிறிய செய்தியன்று. எனினும் தன் நேரத்துக்குத் தானே உரிமையாளராக இருப்பவருக்கும், மேற்பார்வையாளர் விட்டால்தான் நகர முடிகிறவருக்கும் ஒரே தொகையை விதிப்பது எப்படிச் சமமாகும்?

இங்கே அத்தகைய அபராதம் இன்னும் பரவலாகவில்லை. இணையவழியில் பதிவு செய்யும்போதே ஆலோசனைக் கட்டணத்தைச் செலுத்தச் சொல்லும் முறை மட்டும் நகரங்களில் வந்துவிட்டது. அரசு மருத்துவமனையிலோ நம் மக்களுக்கு நேரம் குறித்துக் கொடுப்பதே அரிது, வரிசைதான். புறநோயாளிப் பிரிவு காலையில் இயங்குகிறது. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் வேலையும் காலையில்தான். அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி இல்லை. ஆக, மருத்துவரிடம் போகத் தவறினால் அபராதம் என்பது அங்கே. போனாலே அபராதம் என்பது இங்கே.

ரூட் கேனல் எனப்படும் வேர்ச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று முறை வர வேண்டும். பிடுங்குவதற்கு ஒரு நாள் போதும். அடுத்த வாரம் வரச் சொன்னால் வர முடியாது என்பதை அறிந்தவர், காப்பாற்றக்கூடிய கடைவாய்ப் பல்லையும் ‘பிடுங்கிவிடுங்கள்’ என்கிறார். அவருடைய மருத்துவச் சீட்டில் அது நோயாளியின் விருப்பமாகப் பதிவாகிறது.

அரசுப் பல் மருத்துவப் பிரிவுகள் மாலையிலும் இயங்க வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் சிகிச்சைக்குச் செல்லும் நேரத்துக்குக் கூலி பிடிக்கக் கூடாது என்பதை உள்ளாட்சி அமைப்புகள் தம் ஒப்பந்தங்களிலேயே எழுத வேண்டும். பிடுங்கப்படும் பற்களில் எத்தனை காப்பாற்றக்கூடியவை என்ற கணக்கையும் அப்பிரிவுகள் வெளியிட வேண்டும்.