வாசற்படிப் பனி யார் பொறுப்பு?

காயல்பட்டினத்தில் ஃபிக்ஹு ஓதிய நாட்களில், இமாம் நவவீ (ரஹ்) அவர்களின் மின்ஹாஜில் ஒரு மஸ்அலா வந்தது. வாடகை வீட்டின் கூரைமேல் சேரும் பனியை அகற்றுவது உரிமையாளர் பொறுப்பு. முற்றத்துப் பனியை அகற்றுவது குடியிருப்பவர் பொறுப்பு. ஷாம் தேசத்து இமாமுக்குப் பனி தெரியும். கடற்கரைப் பிள்ளைகளான எங்களுக்கோ அது வெறும் பாடம்.

டொராண்டோவில் வீடு வாங்கி, பேஸ்மென்டை வாடகைக்கு விட்டபோது அந்த மஸ்அலா எனக்குச் சாதகமாக நினைவுக்கு வந்தது. பக்கவாட்டுப் பாதையையும் படிகளையும் குடியிருப்பவரே பனியின்றி வைத்துக்கொள்ள வேண்டும் என ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டேன். சென்ற குளிர்காலத்தில், அதிகாலை வேலைக்குப் புறப்பட்ட அச்சகோதரி படியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. தாமே கையொப்பமிட்டிருந்ததால் என்னிடம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னைத் தேடிப் படிக்க வைத்தது.

ஒன்டாரியோவின் 2006ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டப்படி பராமரிப்பு உரிமையாளரின் கடமை. சட்டத்துக்கு முரணான ஒப்பந்த வாசகம் செல்லாது. பேஸ்மென்ட் வாசலில் விழுந்த ஒரு பெண்ணின் வழக்கில், 2009இல் அம்மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் இத்தகைய வாசகத்தையே செல்லாது என்றது. குடியிருப்பவர் பனி அள்ள வேண்டுமெனில், அது வாடகையோடு பிணைக்கப்படாத, தனிப் பிரதிபலனுள்ள வேலை ஒப்பந்தமாக இருக்க வேண்டும்.

“மத்ஹபின் தீர்ப்பு வேறாயிற்றே” என நண்பர் ஒருவர் வாதிட்டார். நானும் அதைத்தான் பற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் விரிவுரைகள் கூறும் காரணத்தைக் கவனியுங்கள்: முற்றத்துப் பனி, வீட்டைப் பயன்படுத்துவதன் முழுமையைக் குறைக்கிறதே தவிர, அடிப்படைப் பயனைத் தடுப்பதில்லை. பேஸ்மென்டுக்கு இருப்பதோ ஒரே வாசல். அதன் படி பனிக்கட்டியாக உறைந்தபின் எந்தப் பயன் மிஞ்சுகிறது? மேலும், நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டே வாடகை வாங்குகிறோம். அதன் கடமைகளும் நாம் ஏற்ற உடன்படிக்கையில் அடங்கியவையே. நான் ஃபத்வா சொல்லவில்லை. ஆலிம்கள் விளக்கட்டும். பாதையிலுள்ள இடரை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டே, நம் பாதையின் இடரைப் பிறர் கையொப்பத்தில் ஏற்றிவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

நம் சமூகத்தில் பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருப்போர் தம் ஒப்பந்தத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டும். நான் அந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது சுப்ஹுக்குப் புறப்படும் முன்பே பனியை அள்ளி உப்புத் தூவுகிறேன். கை முறிந்ததால் அச்சகோதரி இழந்த ஆறு வார ஊதியம்பற்றி இன்னும் பேசி முடிக்கவில்லை. வரும் ஞாயிறன்று பேசுவதாக இருக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.