சேற்றில் படியும் சோப்பு

பெங்களூரு ஜோகுபாளையத்தில் துணி அலசிய நீர், ராஜகால்வாய் என்னும் பெருவடிகால் வழியே பெல்லந்தூர் ஏரிக்கு இறங்கி, வர்த்தூர் தாண்டி, தென்பெண்ணையாகி ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் நுரைக்கிறது. மழை வந்தால் நுரை ஏன் பொங்குகிறது? இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் காரணம் கண்டிருக்கிறார்கள்: சலவைத்தூளின் நுரைக்கும் வேதிப்பொருள், ஆக்சிஜன் அற்ற ஏரியில் முழுதாகச் சிதையாமல் கழிவுச்சேற்றில் ஒட்டி அடியில் படிகிறது, கனமழை அதைக் கலக்கி எழுப்புகிறது. ஆகவே மேல்நீரை மட்டும் மொண்டு சோதிப்பது பாதிச் சோதனைதான். வெயில் காலத்தில் அந்தச் சோதனை ஏரிக்கு நற்சான்றுகூட வாங்கித் தரும்! 2015-லும் 2017-லும் பெல்லந்தூர் ஏரியில் தீப்பற்றியதைப் பார்த்த பிறகும் இப்படியே தொடரலாமா? கர்நாடக, தமிழக மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்கள் ஏரி முதல் அணை வரை அடிவண்டலை மழைக்கு முன்னும் பின்னும் சேர்ந்தே சோதித்து, முடிவுகளை வெளியிட வேண்டும். ஏரியில் தூர்வாரிய சேற்றைக் கரையிலேயே குவித்தால், அடுத்த மழை அதையும் ஓசூருக்கு அனுப்பிவிடும்.