தாய்மொழி பேசினால் வில்லனா?

தொலைக்காட்சி மல்யுத்தம் வெறும் நாடகந்தானே, பிள்ளைகள் பார்த்துவிட்டுப் போகட்டும் என்கின்றனர் பெற்றோர். நாடகந்தான். அதில் யாருக்கு எந்த வேடம் என்பதே என் வினா.

ஜிண்டர் மகால் கனடாவின் கால்கரி நகரில் பிறந்தவர். 2017 மே 21இல் ரேண்டி ஆர்ட்டனை வீழ்த்தி டபிள்யூ.டபிள்யூ.இ. பட்டத்தை வென்றார்; நவம்பர் 7இல் மான்செஸ்டரில் ஏ.ஜே. ஸ்டைல்சிடம் இழந்தார். அதுவரை வில்லன் வேடமே. தலைப்பாகையும் ‘மகாராஜா’ என்ற பெயரும் போதாவென்று மேடையில் பஞ்சாபியும் பேசினார், அரங்கம் கூச்சலிட்டது. கனடாவில் பிறந்தவரை அயலாராக்க மொழியே ஆயுதமாயிற்று!

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பேரங்காடிக்குள் நுழைந்ததும் தமிழை விழுங்கிவிடும் நம் பிள்ளைகளும் இதைத்தான் பார்க்கின்றனர். பெற்றோரே, தொலைக்காட்சியை அடைக்கச் சொல்லவில்லை. அருகில் அமர்ந்து ஒன்று கேளுங்கள்: அவர்கள் கூவுவது அவர் ஏமாற்றி வென்றதற்காகவா, பஞ்சாபி பேசியதற்காகவா?