மார்க் உண்டு... பேன் சுற்றவில்லை!

வடசென்னையில் ஒரு ஐ.டி.ஐ. எலக்ட்ரீஷியன் வகுப்பு. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பையன் ஒருவன் பழைய சீலிங் பேன் முன்னால் திருதிருவென்று விழிக்கிறான். சுவிட்சைப் போட்டால் 'ம்ம்ம்' என்று முனகுகிறது. சுற்றவில்லை!

ஓம் விதியைக் கேட்டால் மூச்சு விடாமல் ஒப்பிப்பான். கண்டென்சர் போயிருக்கும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவில்லை.

அங்குள்ள வாத்தியார் இதற்கு ஒரு வழி பிடித்தார். பழைய இரும்புக் கடையில் எடைக்கு வாங்கிய பேன், மிக்சி, அயர்ன் பெட்டி எல்லாம் வகுப்புக்கு வருகின்றன. என்ன கோளாறு என்று சொல்ல மாட்டார். "வீட்டுக்காரம்மா 'ஓடலை'ன்னுதான் சொல்லுவாங்க. மீதியை நீதான் கண்டுபிடிக்கணும்" என்பார்.

மெயினை அணைக்காமல் கை வைத்தவன் அன்று முழுக்க வெளியே! பேன் சுவிட்சை அணைத்தால் போதாதா? போதாது. பல வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் ஒயரில் மாட்டி வைத்திருக்கிறார்கள். சுவிட்ச் ஆப். பேனும் நிற்கும். ஒயரில் மட்டும் கரண்ட் இருக்கும்! மெயினை அணைத்து, டெஸ்டரும் வைத்துப் பார்த்த பிறகே தொட வேண்டும். உயிர் போகிற விஷயம்.

வேலை முடிந்தால் பில் எழுத வேண்டும். சாமான் தனி, கூலி தனி. பையன்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். "பார்த்துக் கொடுங்க" என்று தலையைச் சொறிந்தால் வாத்தியாருக்குப் பொத்துக்கொண்டு வரும். "உன் வேலைக்கு நீயே விலை சொல்லலேன்னா வேற யாருடா சொல்லுவா?"

அரசும் சும்மா இல்லை. 2022-ல் 'நான் முதல்வன்' திட்டம் வந்தது. டாட்டா டெக்னாலஜிஸ் கூட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களுக்கு ரோபோ, சி.என்.சி. மிஷின் எல்லாம் வந்தன. நல்ல காரியம்தான். ஆனால் ரோபோவும் ஒருநாள் மக்கர் பண்ணும். அன்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு நின்றால் சூப்பர்வைசர் விடுவாரா?

புது மிஷினுக்குக் கோடிகள் ஒதுக்குகிறார்கள். ரிப்பேர் சாமான் வாங்க இந்த வாத்தியார் சொந்தப் பையில் கைவிடுகிறார். அதற்கென்று மாதம் ஒரு சிறு தொகை கொடுத்தால் கஜானா காலியாகிவிடாது. செய்முறைத் தேர்வில் பாதி மார்க்கைக் கோளாறு கண்டுபிடிப்பவனுக்கே கொடுக்கலாம். பையன்கள் தானாக ஸ்க்ரூ டிரைவரைத் தேடுவார்கள்.

அந்தப் பையன்? முக்கால் மணி நேரம் முழித்துவிட்டு 2.5 மைக்ரோபேரட் கண்டென்சர் ஒன்றை மாற்றினான். பேன் லேசாக ஆடிக்கொண்டே சுற்றியது. கூட்டாளிகள் கை தட்டினார்கள்.

வாத்தியார் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பில் எங்கேடா?" என்றார்.