பெரிய எண்ணும் சிறிய மின்கலமும்

2022 மார்ச் மாத இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நடைமுறையில் இருந்தது. அந்நாட்களில் ஓரிரவு, மறைந்த நண்பரொருவருக்கான அஞ்சலிக் குறிப்பை எழுதிக்கொண்டிருந்தேன். மறுநாள் பத்திரிகையில் வெளிவரவேண்டியது. மின்னேற்றம் 30 சதவீதம் எஞ்சியிருப்பதாக மடிக்கணினி காட்டியது. அடுத்த கணம் திரை இருண்டது. குறிப்பு அச்சுக்குப் போய்ச் சேரவில்லை.

அதற்கு இரு வாரங்களுக்கு முன்னர்தான் மின்கலத்தை மாற்றியிருந்தேன். பழையதில் 10.8 வோல்ற், 4400 மில்லி அம்பியர் மணி என்றிருந்தது. கடைக்காரர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்றில் 5200, மற்றையதில் 7800. உருவத்தில் யாதொரு வேறுபாடும் இல்லை. கூடிய விலை கொடுத்துப் பெரிய எண்ணை வாங்கினேன். அரசியல்வாதிகளின் புள்ளிவிபரங்களைச் சந்தேகித்தே பழகிய நான், ஓர் ஒட்டுத்தாளை நம்பிவிட்டேன்.

பின்னர்தான் கணக்கைப் பார்த்தேன். அத்தகைய மின்கலத்தினுள்ளே 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட ஆறு உருளைக் கலங்கள், மும்மூன்றாக இரு வரிசைகளில் இருக்கும். இரு வரிசைகளும் சேர்ந்தே அந்த எண்ணைத் தருகின்றன. 7800 உண்மையாயின் ஒவ்வொரு கலமும் 3900 ஆக இருக்கவேண்டும். அக்காலத்தில் முன்னணித் தயாரிப்பாளர்களின் கலங்களே 3500ஐத் தாண்டுவது அரிது. உண்மையாகவே கொள்ளளவு கூடிய மின்கலங்கள் பெரும்பாலும் ஒன்பது கலங்கள் கொண்டவை. அவை கணினிக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும்.

கொள்ளளவு வேறுபட்டால் கணினி பழுதாகிவிடும் என்று அஞ்சுவோர் பலர். அவ்வச்சம் தேவையற்றது. கணினி தனக்கு வேண்டிய மின்னை மட்டுமே எடுத்துக்கொள்ளும். பெரிய மின்கலத்தில் மின்னேற்ற நேரம் கூடும், அவ்வளவே. கவனிக்கவேண்டியது மின்னழுத்தத்தை. 10.8 என்பதும் 11.1 என்பதும் ஒரே மூன்று கல அமைப்பையே குறிக்கும். ஒன்றுக்குப் பதிலாக மற்றையதைப் பயன்படுத்தலாம். 14.8 நான்கு கல அமைப்பு. தயாரிப்பாளர் அனுமதித்தாலன்றி அதனை இதற்கு மாற்றாகப் பொருத்தலாகாது.

மில்லி அம்பியர் மணியை மட்டும் பார்ப்பது, கொத்தின் அளவை அறியாமல் எத்தனை கொத்து அரிசி என்று எண்ணுவதைப் போன்றது. 14.8 வோல்றில் 2200 எனின் ஏறக்குறைய 33 வாற் மணி, 10.8 வோல்றில் 3000 எனினும் ஏறக்குறைய 32 தான். மின்னழுத்தத்தை அம்பியர் மணியால் பெருக்கினால் கிடைக்கும் இந்த வாற் மணியே ஒப்பிடுவதற்குரிய உண்மை அளவு.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை நம்மிடம் உண்டு. மாற்று மின்கலம் ஒவ்வொன்றிலும் வாற் மணி, கலங்களின் எண்ணிக்கை, தயாரிப்புத் திகதி ஆகிய மூன்றும் கட்டாயம் பொறிக்கப்படவேண்டும் என அச்சபை வலியுறுத்தவேண்டும் என்பதே எனது கருத்து. லித்தியம் அயன் கலம் கடை அலுமாரியில் சும்மா கிடந்தாலும் முதுமையடைவது. ஆதலால் திகதியும் அவசியம். பால்மாப் பொதியைத் திருப்பித் திகதி பார்க்கும் நாம், அதனினும் பன்மடங்கு விலையான மின்கலத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

எனக்கு வாய்த்தது உண்மையில் எத்தனை வாற் மணியோ, அறியேன். மூலமின்கலம் புதிதாயிருந்தபோது உழைத்த நேரத்தில் பாதிகூட அது உழைக்கவில்லை. நண்பருக்கான குறிப்பு ஒரு நாள் பிந்தி, நல்லடக்கம் முடிந்த பின்னரே வெளிவந்தது. தவணை தவறாதவர் என்று அவரைப் பற்றி அதில் எழுதியிருந்தேன்.